ஓடிபி யார் போனுக்கு வரும்

ஜூன் 3, செவ்வாய்

சர்வர் வேலை இன்று ஆரம்பம். சொந்த விஷயம் எழுதுவதற்காக இந்தக் கோப்பைத் திறக்கவில்லை. கணினி வேலையை விட்டுப் பல வருஷமாகிறது. என்ன செய்தேன், எதை மாற்றினேன் என்று அன்றன்று எழுதி வைத்தால்தான் பின்னால் தவறு எங்கே நடந்தது என்று கண்டுபிடிக்க முடியும். ‘வேலைக் குறிப்பு’ என்று பெயர் வைத்து, சர்வரிலேயே என் கணக்கில் போட்டிருக்கிறேன்.

மையம் பீளமேட்டில், ஒரு பல் ஆஸ்பத்திரிக்கு மேல்மாடியில் இருக்கிறது. புருஷனோடு இருக்க முடியாமல் வெளியே வரும் பெண்களுக்குத் தங்க இடம், வக்கீல், ஏதாவது ஒரு வேலை என்று ஏற்பாடு செய்துகொடுக்கிறார்கள். நடத்துகிற வக்கீல் ஜெசிந்தா அக்கா என் கல்லூரித் தோழியின் அக்கா. ஆலோசகர்கள் பாதி நாள் வீட்டிலிருந்துதான் வேலை செய்கிறார்கள். போன மாதம் ஒருவர் பழுது பார்க்கக் கொடுத்த லேப்டாப்பை, கடையில் இருந்தவன் திறந்து கோப்புகளைப் படித்திருக்கிறான். அதோடு ஜெசிந்தா அக்கா என்னைக் கூப்பிட்டுவிட்டார்.

“கோப்பு எதுவும் யார் வீட்டுக்கும் போகக்கூடாது. ஆனா வீட்டுல இருந்தே வேலையும் நடக்கணும். காசு குடுத்து வாங்கற சாஃப்ட்வேர் பேச்சே எடுக்காத. முடியுமா ரேணுகா?”

முடியும். கோப்புகள் மையத்தில் ஒரே கணினியில் இருக்கும். வீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அதன் திரை மட்டும் தெரியும். பார்க்கலாம், எழுதலாம். தன் கணினிக்கு ஒரு வரியைக்கூட எடுத்துக்கொள்ள முடியாது. தேவையான மென்பொருள் எல்லாமே இலவசமாகக் கிடைக்கிறது. யாரோ நன்கொடையாகக் கொடுத்த பழைய கணினியில் லினக்ஸ் ஏற்றினேன். தூசி தட்டியதில் மூக்கு ஒழுகியது.

என் வீட்டுக்காரர்தான் காரில் கொண்டுவந்து விட்டார். வேலை முடியும்வரை கீழேயே உட்கார்ந்திருந்தார். ஆலோசகர்களில் இளையவளான நிலோஃபர் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாள்.

“எங்க வீட்டு ஆளு பஸ் ஸ்டாப்பு வரைக்கும்கூட வரமாட்டாரு. நீங்க குடுத்து வச்சவங்கக்கா.”

ஆமாம் என்றேன்.

ஜூன் 5, வியாழன்

பிரதியெடுத்து ஒட்டுவதை அடைத்தேன். பென்டிரைவை அடைத்தேன். பிரிண்டரையும் அடைத்தேன். மதியம் புடலங்காய்க் கூட்டு.

ஜூன் 9, திங்கள்

உள்ளே நுழைய பாஸ்வேர்டு மட்டும் போதாது, போனுக்கு ஓர் எண் வந்து அதையும் தட்ட வேண்டும் என்று வைத்தேன். ஓடிபி என்றால் எல்லோருக்கும் புரியும், பயப்பட மாட்டார்கள். யார் எந்தக் கோப்பைத் திறந்தாலும் நேரத்தோடு பதிவாகும்படியும் செய்தாயிற்று.

வீட்டு லேப்டாப்பிலிருந்து என் கணக்கில் நுழைந்து சோதித்தேன். ஓடிபி வரவில்லை. எங்கே தவறு என்று மறுபடி வரிவரியாகப் படித்துக்கொண்டிருக்கும்போது ஹாலிலிருந்து அவர் குரல் கொடுத்தார்.

“ரேணு, என்னமோ நம்பர் வந்திருக்குது. ஆறு, ஒண்ணு, ஒண்ணு, நாலு…”

போன் எண் கேட்ட இடத்தில் அவர் எண்ணைப் போட்டிருக்கிறேன். கேஸ், பேங்கு, ஆதார், பெண்ணின் காலேஜ் என்று எந்தப் படிவமானாலும் கை தானாக அவர் எண்ணைத்தான் எழுதுகிறது. யோசித்து எழுதுவதில்லை. அவர் வாசித்த எண்ணைத் தட்டினேன், உள்ளே போனது. சோதனை வெற்றி.

எங்கள் வீட்டில் ஒளிவுமறைவு கிடையாது. எல்லாவற்றுக்கும் ஒரே பாஸ்வேர்டுதான், அவருக்கும் தெரியும். கல்யாணமான புதிதில் அவரே வைத்தது.

ஜூன் 14, சனி

ஆலோசகர்களுக்குப் பயிற்சி. வந்தவர்களில் மூத்தவர் கிருஷ்ணவேணி அக்கா. அவர் பாஸ்வேர்டைத் தட்டிவிட்டு, கைப்பையிலிருந்து போனை எடுத்து யாரையோ கூப்பிட்டார்.

“ஏனுங்க, கடையில கூட்டமுங்களா? ஒண்ணுமில்லீங்க, உங்க போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும் பாருங்க. கண்ணாடிய மாட்டீட்டுப் பாருங்க. ஆமாங்க. சொல்லுங்க.”

அறையே சிரித்தது. நிலோஃபர் மேசையைத் தட்டிச் சிரித்தாள்.

“அக்கா, பேசாம மாமாவையே கவுன்சிலிங் பண்ணச் சொல்லீருங்க. நீங்க கடையப் பாத்துக்கங்க.”

“அட போடி. என்ர நம்பரு எனக்கே ஞாபகமிருக்காது. அவருதுதான் மனப்பாடம்.”

நிலோஃபர் விடவில்லை. “இங்க வர்ற பொண்ணுங்க யாருகிட்ட இருந்து ஓடி வர்றாங்க? புருஷங்காரன்கிட்ட இருந்து. நம்ம சாவி யாருகிட்ட இருக்குது? புருஷங்காரன்கிட்ட.”

நானும் சிரித்தேன். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தேன் என்று நினைக்கிறேன். ஜெசிந்தா அக்கா என் பக்கம் திரும்பினார்.

“வேற யாரெல்லாம் இப்பிடிக் குடுத்திருக்காங்கன்னு பாத்து மாத்தீரு.”

“சரிங்கக்கா.”

ஜூன் 16, திங்கள்

பார்த்தேன். மூன்று பேர் வீட்டுக்காரர் எண், ஒருவர் மகன் எண். ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சொந்த எண் வாங்கி மாற்றினேன். கிருஷ்ணவேணி அக்கா தன் எண்ணை ஒரு அட்டையில் எழுதிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாராம். பாஸ்வேர்டில் பெயர், பிறந்த நாள், கல்யாண நாள் இருந்தால் ஏற்கக்கூடாது என்ற விதியையும் எல்லாக் கணக்குக்கும் போட்டேன்.

என் கணக்கு நிர்வாகக் கணக்கு, அதைத் தனியாகக் கவனிக்க வேண்டும். பிறகு செய்யலாம்.

இட்லி மாவு பொங்கி ஃபிரிட்ஜெல்லாம் வழிந்துவிட்டது. சாயங்காலம் முழுக்க அதைத் துடைப்பதிலேயே போனது.

ஜூன் 19, வியாழன்

எண்ணை மாற்றுவது ஒரு நிமிஷ வேலை. மாற்றினால் அவர் போனுக்கு ஓடிபி வருவது நின்றுவிடும். “ஏன், இப்ப வர்றதில்ல?” என்று கேட்பார். கோபமாகக் கேட்க மாட்டார். கேட்டுவிட்டு நான் பதில் சொல்லும்வரை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். போன தடவை அவரிடம் சொல்லாமல் பெண்ணுக்குக் காலேஜ் ஹாஸ்டலுக்கு முறுக்கு அனுப்பியதற்கு அப்படித்தான் பார்த்தார். இரண்டு வாரம் பேசவில்லை. அது அவர் சுபாவம்.

ஜூன் 25, புதன்

மையத்தில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். அவள் பெயரை இங்கே எழுத மாட்டேன். சூலூர்ப் பக்கம், முப்பது வயதிருக்கும். மையம் ஏற்பாடு செய்த ஹாஸ்டலில் மகளோடு தங்கியிருக்கிறாள். பக்கத்து பேக்கரியில் பில் போடுகிறாள். ஏதோ கையெழுத்துக்கு வந்தவள், எல்லோருக்கும் தேங்காய் பன் கொண்டுவந்திருந்தாள்.

“நேத்து முதலாளி என்னைக் கல்லாவுல உக்காரச் சொன்னாருங்க. பாப்பா ஸ்கூல்ல கேட்டாங்களாம், அம்மா என்ன வேலைன்னு. கேஷியர்னு சொல்லீட்டு வந்திருக்குது.”

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். இவள் வந்த புதிதில் பேசவே மாட்டாள் என்று நிலோஃபர் சொன்னாள்.

ஜூன் 30, திங்கள்

மத்தியானச் சாப்பாட்டின்போது அவர் ரசத்தை ஊற்றிக்கொண்டே கேட்டார்.

“உங்க மையத்துல சூலூர்ப் பொண்ணு ஒண்ணு இருக்குதல்ல?”

“யாருங்க சொன்னாங்க?”

“நம்ம பட்டறைக்கு லேத் வேலை பண்ணிக் குடுக்கற பையனோட சம்சாரம். பாவம், அலைஞ்சுட்டு இருக்கறான். என்ன இருந்தாலும் குடும்பம்னு ஒண்ணு இருக்குதல்ல.”

“எனக்குத் தெரியாதுங்க. நான் கம்ப்யூட்டர் மட்டுந்தான் பாக்கறேன்.”

“அதுதான.” அப்பளத்தை நொறுக்கினார். “உப்புக் கொஞ்சம் தூக்கலா இருக்குது.”

ஜூலை 1, செவ்வாய்

பதிவைப் பார்த்தேன். போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் என் கணக்கில், எங்கள் வீட்டு இணைப்பிலிருந்து யாரோ நுழைந்திருக்கிறார்கள். அந்த நேரத்தில் நான் மாரியம்மன் கோயிலில் திருவிளக்குப் பூஜையில் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக வாசலிலேயே நிற்பவர், அன்றைக்கு மட்டும் “முடிஞ்சதும் கூப்பிடு” என்று சொல்லிவிட்டுப் போனார்.

‘யாரோ’ என்று எழுதியிருக்கிறேன். அவர்தான்.

நிர்வாகக் கணக்குக்கு எல்லாக் கோப்பும் திறக்கும். சூலூர் என்று தேடியிருக்கிறார். ஒரே ஒரு கோப்பைத் திறந்திருக்கிறார். ஹாஸ்டல் முகவரி, பேக்கரி பெயர், பாப்பாவின் பள்ளி எல்லாமே அதில் இருக்கிறது. எதையும் பிரதியெடுக்க முடியாதபடி நான் பார்த்துப் பார்த்து அடைத்து வைத்திருந்தேன். ஒரு முகவரியை மனத்தில் வைத்துக்கொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

இந்த வேலைக் குறிப்பிலும் சூலூர் என்று எழுதியிருக்கிறேன், தேடியபோது அடுத்த வரியில் இதுவும் வந்திருக்கும். இதைத் திறக்கவில்லை. நான் வேலையைப் பற்றி எழுதியது எதுவாக இருந்தாலும் அவருக்குத் தேவைப்படாது. அது எனக்கு நிம்மதியாக இருந்தது. நிம்மதியாக இருந்ததே கேவலமாகவும் இருந்தது.

இப்போதே ஜெசிந்தா அக்காவைக் கூப்பிட வேண்டும்.

அதே நாள், மாலை

கூப்பிடவில்லை. பாஸ்வேர்டை மட்டும் மாற்றினேன். மாற்றியதும் அவர் போனுக்கு எச்சரிக்கை போயிருக்கிறது. போன் எண் இன்னும் அவருடையதுதானே.

“ஏன் மாத்துன?” என்று கேட்டார்.

“எல்லாரும் மாத்தோணும்னு சொன்னாங்க.”

“என்னன்னு வச்சிருக்கற?”

சொன்னேன்.

பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். “நீங்க அந்தப் பொண்ணோட ஃபைலப் பாத்தீங்களா?”

“பாத்தேன். அதுக்கென்ன? ஒரு குடும்பத்தச் சேத்து வெக்கறது தப்பா? அவனுகிட்ட அட்ரஸ் சொல்லி, பொறுமையாப் போயிப் பேசுடான்னுதான் சொன்னேன். நல்ல பையன். என்ன ரேணு, திருடனப் பாக்கற மாதிரிப் பாக்கற?”

“இல்லீங்க.”

ஜெசிந்தா அக்காவிடம் சொன்னால் முதல் கேள்வி, உன் பாஸ்வேர்டு அவருக்கு எப்படித் தெரியும் என்பதாகத்தான் இருக்கும். இரண்டாவது, ஓடிபி எப்படிப் போனது. மற்றவர்களுக்கெல்லாம் மாற்றியவள் உனக்கு ஏன் மாற்றவில்லை என்பது மூன்றாவது. மூன்றாவது கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. அந்த மையத்தில் எல்லோரும் என்னைக் கொடுத்து வைத்தவள் என்று நினைக்கிறார்கள். அப்படி நினைத்துக்கொண்டிருக்க ஓர் இடமாவது இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன்போல.

நாளைக்கு நேரில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம்.

ஜூலை 2, புதன்

காலையில் மையத்துக்குப் போனபோது எல்லாம் நடந்து முடிந்திருந்தது.

அந்த ஆள் நேற்று மாலையே பேக்கரிக்குப் போயிருக்கிறான். கண்ணாடி அலமாரியை உடைத்திருக்கிறான். அவள் பின்வாசல் வழியாக ஓடி ஹாஸ்டலுக்குள் நுழைந்துவிட்டாள். வார்டன் கேட்டைப் பூட்டிவிட்டுப் போலீசைக் கூப்பிட்டிருக்கிறார். போலீஸ் வருவதற்குள் போய்விட்டானாம். பேக்கரி முதலாளி அவளை இனி வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாப்பா பள்ளிக்குப் போகவில்லை.

ஜெசிந்தா அக்கா மேசையைச் சுற்றி எல்லோரும் இருந்தார்கள். யாரும் எதுவும் சொல்லாமலே பார்வை கிருஷ்ணவேணி அக்கா பக்கம் போய்ப் போய் வந்தது. அவர் அழுதுகொண்டிருந்தார்.

“சாமி சத்தியமாச் சொல்றேன், எங்க வீட்டுக்காரருக்கு இப்ப நம்பரே வர்றதில்ல. அன்னைக்கு ஒருக்கா வந்ததோட சரி. நிலோஃபரு, நீயாவது சொல்லு புள்ள.”

நிலோஃபர் கண்களைத் தாழ்த்திக்கொண்டாள். பயிற்சி நாளில் அவள் அடித்த கேலி இப்போது யாருக்கும் சிரிப்பாக இல்லை.

ஜெசிந்தா அக்கா என்னைப் பார்த்தார். “ரேணுகா, பதிவு இருக்கும்னு சொன்னியே. அந்தக் கோப்ப யாரு திறந்தாங்கன்னு பாத்துச் சொல்லு.”

கணினி முன்னால் உட்கார்ந்தேன். தெரிந்த பதிலைத் தேடுவதுபோலக் கொஞ்ச நேரம் எதை எதையோ தட்டினேன். அந்த ஒரு வரியை அழித்துவிட எனக்கு அதிகாரம் இருந்தது. என் விரல் எங்கே இருந்தது என்று எனக்குத் தெரியும். கிருஷ்ணவேணி அக்கா மூக்கை உறிஞ்சுவது கேட்டுக்கொண்டே இருந்தது.

“என் கணக்குலதானுங்கக்கா திறந்திருக்குது,” என்றேன். “எங்க வீட்டுல இருந்து. அவரு பாத்திருக்கறாரு.”

ஜெசிந்தா அக்கா என் நாற்காலிப் பக்கம் வந்தார்.

“எப்பத் தெரியும் உனக்கு?”

“நேத்துக் காலையில.”

“காலையில.” அவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். “அவன் பேக்கரிக்குப் போனது சாயங்காலம். ஒரு போன் பண்ணியிருந்தீன்னா மத்தியானமே அவள வேற எடத்துக்கு மாத்தியிருப்பேன். வேலையாச்சும் மிஞ்சியிருக்கும்.”

“தெரியுங்கக்கா.”

“நம்பர் மாத்தச் சொன்னனே. மாத்தினியா?”

“எல்லாருக்கும் மாத்தினேன்.”

அவர் அதற்குமேல் கேட்கவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து, இங்கே வரும் பெண்களிடம் பேசும் அந்தத் தாழ்ந்த குரலில் கேட்டார். “வீட்டுல எதாவது பிரச்சனையா ரேணுகா?”

“அப்பிடியெல்லாம் ஒண்ணும் இல்லீங்கக்கா. அவரு நல்லவரு.”

இங்கே வரும் பெண்கள் முதல் நாள் என்ன சொல்வார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

கிருஷ்ணவேணி அக்கா எழுந்து போய் முகம் கழுவிவிட்டு வந்தார். எனக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அவரிடம் நான் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

ஜூலை 4, வெள்ளி

அவளை வேறு ஊருக்கு அனுப்புகிறார்கள். கடைசியாக மையத்துக்கு வந்திருந்தாள். ஒரு துணிப்பை, பாப்பாவின் ஸ்கூல் பை. பாப்பா யூனிஃபார்மிலேயே இருந்தது, வேறு நல்ல துணி இல்லையாம்.

உண்மையை அவளிடம் ஜெசிந்தா அக்கா சொல்லியிருந்தார். நான் வேறு அறைக்குப் போய்விடப் பார்த்தேன். அவளே வந்து எதிரில் நின்றாள்.

“உங்க வீட்டுக்காரருங்களா சொன்னாரு?”

“ஆமா. தப்பு என்னோடது. நான் பூட்டியிருக்கோணும். தெரிஞ்ச உடனே சொல்லியிருக்கோணும். சொல்லல.”

அவள் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இருந்தது. அது எனக்குச் சேர வேண்டியதுதான். ஆனால் கோபம் மட்டும் இல்லை.

“சொல்றதுக்குப் பயமா இருந்துதுங்களா?”

நான் பாப்பாவின் ஸ்கூல் பையைப் பார்த்தேன்.

“எங்க வீட்டு ஆளும் வெளிய ரொம்ப நல்லாப் பேசுவாருங்க,” என்றாள். “எங்கம்மாவே இன்னும் நம்பல.”

பாப்பா அவள் சேலையைப் பிடித்து இழுத்தது. “அம்மா, அங்கயும் நீ கேஷியரா?”

“பாக்கலாம் சாமி.”

ஜூலை 7, திங்கள்

நிர்வாக வேலையை நிலோஃபருக்குக் கற்றுக்கொடுத்தேன். சீக்கிரம் பிடித்துக்கொள்கிறாள். புதிய நிர்வாகக் கணக்கு, அவள் எண், அவள் மட்டும் அறிந்த பாஸ்வேர்டு. அவள் தட்டும்போது நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“இப்ப என் கணக்க எடுத்துரு,” என்றேன்.

“எதுக்குக்கா? நம்பர மட்டும் மாத்திக்கலாமே. ஜெசிந்தாக்காவே உங்களப் போகச் சொல்லலியே.”

“நம்பர மாத்துனா, என்னன்னு கேப்பாரு. கேட்டா நான் சொல்லீருவேன் நிலோஃபர்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். இந்தத் தடவை கேலி எதுவும் வரவில்லை.

“அந்தப் பொண்ணு எந்த ஊருக்குப் போனாங்கறதையும் என்கிட்டச் சொல்லாதீங்க. வாய் தவறிக்கூடச் சொல்லாதீங்க. எல்லார்கிட்டயும் சொல்லி வெச்சிரு.”

“சரிக்கா.”

அழிப்பதற்கு முன்னால் இந்தக் குறிப்பைத் தாளில் அச்செடுத்துக் கொடுத்தாள். பிரிண்டரை நான்தான் அடைத்திருந்தேன், இதற்காக ஒரு தடவை திறந்து, மறுபடி அடைத்தாள். இனி அந்தத் தாள்களுக்குப் பின்னாலேயே பேனாவால் எழுத வேண்டும். மையத்து அலமாரியில் இருக்கட்டும். வாரம் இரண்டு நாள் வந்து, புதிதாக வருகிறவர்களுக்குத் தட்டச்சு சொல்லித்தருகிறேன் என்று ஜெசிந்தா அக்காவிடம் சொல்லியிருக்கிறேன். அவர் சரி என்றார். என்னை எந்த அளவுக்கு நம்புகிறார் என்று கேட்கும் உரிமை எனக்கு இல்லை.

கிருஷ்ணவேணி அக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். “விடு கண்ணு” என்றார். அவர் கை என் தோளில் இருந்தவரைக்கும் என்னால் நிமிர முடியவில்லை.

ஜூலை 14, திங்கள்

நேற்று நடந்தது.

ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு முடிந்ததும் அவர் லேப்டாப்பை எடுத்து வந்து என் முன்னால் வைத்தார்.

“அந்தப் பையன் தினமும் போன் பண்றான். அழறான், ரேணு. இப்ப எங்க வச்சிருக்காங்கன்னு பாத்துச் சொல்லு. அவன் இனிமே தகராறு பண்ணமாட்டான், நான் பொறுப்பு.”

“பேக்கரியில கண்ணாடிய ஒடச்சானுங்களே.”

“ஆத்திரத்துல நடந்துருச்சு. ஆம்பளன்னா இருக்காதா? தட்டு.”

தட்டினேன். தவறு என்று வந்தது. மறுபடி தட்டினேன். தவறு என்றது.

“தள்ளு,” என்று என் நாற்காலியில் அவர் உட்கார்ந்தார். ஒவ்வோர் எழுத்தாகச் சொல்லிக்கொண்டே தட்டினார். அவருக்கும் தவறு என்றுதான் வந்தது. ஓடிபி வந்தால் சரியாகிவிடும் என்று போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வரவில்லை. டவர் இல்லையோ என்று பால்கனிக்குப் போய்ப் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நின்றார். எதிர் வீட்டுக்காரர் கையசைத்ததற்குச் சிரித்தார். அவர் அப்படி நிற்பதைப் பார்க்க எனக்குப் பாவமாகக்கூட இருந்தது. வெட்கமாகவும் இருந்தது, யாருக்காக என்று தெரியவில்லை.

“வராதுங்க,” என்றேன். “என் கணக்க எடுத்துட்டாங்க.”

உள்ளே வந்தார். “எடுத்துட்டாங்களா? யாரு?”

“நான்தான் எடுக்கச் சொன்னேன்.”

அவர் கத்தவில்லை. முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன். சார்ஜரிலிருந்து என் போனைப் பிடுங்கித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

“சரி. கணக்கு இல்ல. உனக்குத் தெரியும்ல, அவ எங்க இருக்கறான்னு? அத வாயால சொல்லு.”

“தெரியாதுங்க.”

“பொய் சொல்றயா?”

இருபது வருஷத்தில் அவரிடம் எத்தனையோ முறை தெரியாது என்று சொல்லி, அந்தப் பார்வைக்கு முன்னால் இரண்டு நிமிஷம்கூடத் தாங்காமல் எல்லாவற்றையும் கொட்டியிருக்கிறேன். நேற்றும் கொட்டியிருப்பேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நான் ஒன்றும் மாறிவிடவில்லை. கொட்டுவதற்கு என்னிடம் எதுவும் இல்லை, அவ்வளவுதான். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். நானும் நின்றுகொண்டே இருந்தேன். கடைசியில் அவர்தான் கண்ணை எடுத்தார்.

அந்தப் பெண்ணுக்கு நான் செய்த ஒரே உதவி, அவள் எங்கே இருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளாமல் இருப்பது.